கடைசிச் சுற்றில் இளம் ரிசீவரை எடுக்கலாமா? ஃபேன்டஸி ஃபுட்பால் கேள்வி பதில்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் எங்கள் பன்னிரண்டு பேர் ஃபேன்டஸி ஃபுட்பால் லீக்கின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சுதான். நிஜ அமெரிக்கக் கால்பந்து வீரர்களைச் சுற்றுக்கு ஒருவராகத் தேர்ந்து ஆளுக்கொரு கற்பனை அணி அமைப்போம்; அவர்கள் களத்தில் ஆடுவதை வைத்து நமக்குப் புள்ளி. 12-ஆம் சுற்றில் யார், 13-ஆம் சுற்றில் யார்? முதல் ஐந்து சுற்றுக்கு எல்லாரிடமும் பட்டியல் இருக்கும். பட்டியல் தீர்ந்த பிறகுதான் தடுமாற்றம் தொடங்கும். அங்கே இளம் ரிசீவரை, அதாவது எறிந்த பந்தைப் பிடிக்கும் வீரரை, எடுப்பது பற்றி நண்பர்கள் வருடா வருடம் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கடைசிச் சுற்று என்று எதைச் சொல்கிறீர்கள்?

பன்னிரண்டு பேர், ஆளுக்குப் பதினைந்து வீரர்கள் என்றால் மொத்தம் 180 பேர் தேர்வாவார்கள். அதில் முதல் 120 பேர் போன பிறகு வருவதெல்லாம், அதாவது 11-ஆம் சுற்றிலிருந்து, என் கணக்கில் கடைசிச் சுற்று. புள்ளிகளுக்கு இங்கே பி.பி.ஆர். முறையை எடுத்துக்கொள்கிறேன்: ஒரு கேட்சுக்கு 1 புள்ளி, முன்னேறும் 10 யார்டுக்கு 1 புள்ளி, டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் சேர்ப்பது) 6 புள்ளி.

ஒரு சிறு எச்சரிக்கை. இந்தப் பக்கத்தில் இரண்டு டிராஃப்ட் வரும். என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்) அணிகள் கல்லூரி வீரர்களை ஏப்ரலில் எடுப்பது ஒன்று. நாம் ஆகஸ்ட் கடைசியில் எடுப்பது இன்னொன்று. முன்னதை எப்போதும் ‘என்எஃப்எல் டிராஃப்ட்’ என்றே எழுதுகிறேன்.

அங்கே போய் ஏன் நிரூபிக்காத பையனை எடுக்க வேண்டும்? அனுபவசாலி ஒருவரை எடுத்தால் நிம்மதிதானே?

அந்த நிம்மதிக்கு என்ன விலை கிடைக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது வயதைத் தாண்டிய ஒரு ரிசீவர் ஆண்டுக்கு 50 கேட்ச், 600 யார்டு, 4 டச்டவுன் எடுப்பார் என்று வையுங்கள். 50, 60, 24 கூட்டினால் 134 புள்ளி. 17 ஆட்டங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு எட்டுக்கும் குறைவு. அந்த எட்டுப் புள்ளிக்காரரை அந்த வாரம் ஆடும் அணியில் சேர்க்கவும் மாட்டீர்கள், வெளியே விடவும் மனம் வராது. அவரைப் போன்ற நான்கு பேர் அக்டோபரிலும் யாரும் எடுக்காமல் வேவர் பட்டியலில் இருப்பார்கள். எப்போது வேண்டுமானாலும் இலவசமாகக் கிடைப்பவருக்கு ஒரு டிராஃப்ட் இடத்தைக் கொடுப்பது வீண்.

இளம் ரிசீவர் கதை வேறு. பத்தில் ஏழு பேர் ஒன்றுமில்லாமல் போகலாம். போனால் நீங்கள் இழப்பது 13-ஆம் சுற்று இடம் ஒன்று. பலித்தால் கிடைப்பது முதல் இரண்டு சுற்றுத் தரத்தில் ஒரு ஆள். பூக்கா நக்கூவாவை நினைத்துப் பாருங்கள். 2023 என்எஃப்எல் டிராஃப்டில் ஐந்தாம் சுற்று, 177-ஆவது தேர்வு. லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸுக்காக முதல் ஆட்டத்தில் 10 கேட்ச், 119 யார்டு. இரண்டாவதில் 15 கேட்ச், 147 யார்டு. டச்டவுன் ஒன்றுகூட இல்லாமலே இரண்டு வாரத்தில் 51.6 புள்ளி. ஆண்டு முடிவில் 105 கேட்ச், 1,486 யார்டு. 1960-இலிருந்து நின்ற ரூக்கி (முதல் ஆண்டு வீரர்) யார்டு சாதனையே உடைந்தது. பெரும்பாலான லீக்குகளில் அவரை டிராஃப்டில் யாரும் எடுத்திருக்கவில்லை.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதுவே முதன்மையானது. கடைசிச் சுற்றில் நாம் வாங்குவது புள்ளியை அல்ல, ஒரு கேள்விக்கான விடையை. ‘இந்த அணி இவரை நம்புகிறதா?’ என்ற கேள்விக்கு மூன்று நான்கு வாரத்தில் விடை தெரிந்துவிடும் ஆளாகப் பார்த்து எடுங்கள். விடை ‘இல்லை’ என்றால் விட்டுவிட்டு அடுத்தவரை எடுக்கலாம். ‘ஆமாம்’ என்றால் அந்த விடை மற்ற பதினொரு பேருக்குத் தெரியும்போது அவர் ஏற்கெனவே உங்கள் கையில் இருப்பார்.

முதலில் எதைப் பார்ப்பது?

என்எஃப்எல் டிராஃப்டில் எத்தனையாவது ஆளாகப் போனார் என்பதை. பலருக்கு இந்தப் பதில் சலிப்பாக இருக்கும். ஆனால் காரணம் எளியது: முதல் சுற்றிலோ இரண்டாம் சுற்றிலோ எடுத்த ஆளுக்கு அணி பணமும் மானமும் போட்டிருக்கிறது. அவர் இரண்டு முறை பந்தைத் தவறவிட்டாலும் மூன்றாவது வாய்ப்பு வரும். ஆறாம் சுற்று ஆளுக்கு அந்த இரண்டாவது தவறே கடைசித் தவறாக முடியலாம்.

அதற்காக வரிசை எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. 2019-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 32-ஆவதாக நிகீல் ஹாரியை எடுத்தது. அதற்குப் பின்னால் டீபோ சாமுவேல் 36, ஏ.ஜே. ப்ரவுன் 51, டி.கே. மெட்காஃப் 64, டெரி மெக்லாரின் 76. காயத்தில் பாதிப் பருவத்தை இழந்த ஹாரி அந்த ஆண்டு 105 யார்டோடு நின்றார். ப்ரவுன் 1,051 யார்டு எடுத்தார். அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 21-ஆவதாக ஜேலன் ரேகரை எடுக்க, 22-ஆவதாக மினசோட்டா வைக்கிங்ஸுக்குக் கிடைத்தவர் ஜஸ்டின் ஜெஃபர்சன். ரேகருக்கு முதல் ஆண்டில் 396 யார்டு, ஜெஃபர்சனுக்கு 1,400.

ஆகவே நான் எண்ணை ஒரு வாசலாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். முதல் நூறு பேருக்குள் போனவர் என்றால் உள்ளே விடுவேன். நூறைத் தாண்டியவர் என்றால் வேறு ஏதாவது ஒரு வலுவான காரணம் கேட்பேன். 36-க்கும் 51-க்கும் இடையே உள்ள வித்தியாசத்தை நான் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை.

கல்லூரி எண்களை நம்பலாமா?

இரண்டை மட்டும். ஒன்று வயது: 19 வயதில் தன்னைவிட மூத்தவர்களுக்கு எதிராக ஆடியவரா, 23 வயதில் சின்னப் பையன்களுக்கு எதிராக ஆடியவரா? இன்னொன்று பங்கு: அணி மொத்தமாக எறிந்து எடுத்த யார்டில் இவர் பங்கு எவ்வளவு? அணி 4,000 யார்டு எடுத்து இவர் 1,000 எடுத்தால் கால் பங்கு, நல்ல எண். அதே ஆயிரம் யார்டு, எறிவதையே தொழிலாகக் கொண்ட ஓர் அணியில் வந்தால் அவ்வளவு மதிப்பு இல்லை.

பங்குக் கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. 2019-இல் எல்.எஸ்.யு. கல்லூரி அணியில் ஜமார் சேஸ் 1,780 யார்டு, ஜெஃபர்சன் 1,540 யார்டு. பங்கை மட்டும் பார்த்தவர்களுக்கு ஜெஃபர்சன் இரண்டாம் ஆளாகத் தெரிந்தார். பக்கத்தில் யார் ஆடினார் என்பதையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் இப்படித்தான் ஏமாறுவோம்.

40 யார்டு ஓட்டச் சோதனையின் வேகத்தைப் பார்க்கலாமா?

ஜான் ராஸ் 2017-இல் 4.22 விநாடியில் ஓடினார்; அப்போது அது சாதனை. ஒன்பதாவது ஆளாக எடுக்கப்பட்டு முதல் ஆண்டில் ஒரு கேட்ச்கூட இல்லை. அதே வகுப்பில் 4.62 ஓடிய கூப்பர் கப் முதல் ஆண்டிலேயே 869 யார்டு எடுத்தார். வேகம் நல்லதுதான், அதற்கென்று தனியாக விலை கொடுக்காதீர்கள்.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் வரும் கேம்ப் (பயிற்சி முகாம்) செய்திகளை எப்படிப் படிப்பது?

அதிகம் பேர் தவறுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேம்ப் செய்திகள் இரண்டு வகை. ‘பிரமாதமாக ஆடுகிறார்’, ‘ஒரு கையால் பிடித்தார்’, ‘பயிற்சியாளர் புகழ்ந்தார்’ என்பவை ஒரு வகை. அவற்றைப் படித்து மகிழலாம், முடிவெடுக்கக் கூடாது. எந்தப் பயிற்சியாளரும் ஆகஸ்டில் தன் பையனை மட்டம் தட்டிப் பேசமாட்டார். மற்றது ‘யாரோடு நின்றார்’ என்ற செய்தி. முதல் அணிக் குவார்ட்டர்பேக்கோடு (பந்தை எறிபவர்) நின்றாரா? மூன்று ரிசீவர்கள் இறங்கும்போது மூன்றில் ஒருவரா? இரண்டே ரிசீவர்கள் இறங்கும்போதும் களத்தில் இருந்தாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் நான் அவர் பெயரைப் பட்டியலில் பத்து இடம் மேலே ஏற்றிவிடுவேன்.

ப்ரீசீசன் (பருவத்துக்கு முந்தைய பயிற்சி) ஆட்டத்திலும் கேட்ச் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். நான்காம் குவார்ட்டரில் மூன்றாம் குவார்ட்டர்பேக்கிடமிருந்து ஆறு கேட்ச் பிடித்தவர் அங்கே நின்றதே அணி அவரைப் பெரிதாக நினைக்கவில்லை என்பதற்கு அடையாளம். மாறாக, ஒரு ரூக்கி முதல் வரிசை வீரர்களோடு பத்து ஸ்னாப் (ஆட்டத்துக்குள் பந்து ஒரு முறை ஆட்டத்துக்கு வருவது ஒரு ஸ்னாப்) ஆடிவிட்டு ஒரு கேட்ச்கூட இல்லாமல் தொப்பி போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றால், அது அருமையான செய்தி. ஆட்டமே ஆடாமல் நட்சத்திரங்களோடு உட்கார வைத்துவிட்டால் இன்னும் மேல்.

2021 ஆகஸ்டில் ஜமார் சேஸ் ஒரே ப்ரீசீசன் ஆட்டத்தில் மூன்று பந்துகளைத் தவறவிட்டார். கல்லூரிப் பந்தில் இருக்கும் வெள்ளைக் கோடு என்எஃப்எல் பந்தில் இல்லை என்று அவர் விளக்கம் சொன்னதும் கேலி பறந்தது, விலையும் இறங்கியது. முதல் வாரத்தில் 101 யார்டும் ஒரு டச்டவுனும். ஆண்டு முடிவில் 1,455 யார்டு, 13 டச்டவுன். பந்து கையில் நின்றதா என்று பார்த்தவர்கள், அவர் அணியான சின்சினாட்டி அவரை எங்கே நிறுத்தியது என்று பார்க்கவில்லை.

அணியில் ஒரு பெரிய ரிசீவர் போய்விட்டார். அவர் இடம் இளைஞருக்குத்தானே?

அப்படித்தான் 2022-இல் நானும் நினைத்தேன். டைரீக் ஹில்லைக் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் மயாமிக்கு அனுப்பியது. முந்தைய ஆண்டு அவருக்கு மட்டும் 159 டார்கெட் (அவரை நோக்கி எறிந்த பந்து). அதே ஆண்டு 54-ஆவதாக ஸ்கை மூரை எடுத்தார்கள். பந்து எறிபவர் பேட்ரிக் மஹோம்ஸ். இதைவிட நல்ல வாய்ப்பு எங்கே கிடைக்கும் என்று எடுத்தேன். மூருக்குக் கிடைத்தது 22 கேட்ச், 250 யார்டு, டச்டவுன் இல்லை. அந்தப் பந்தெல்லாம் டிராவிஸ் கெல்சிக்கும் புதிதாக வந்த ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டருக்கும் போயின. கெல்சிக்கு 110 கேட்ச், ஜூஜூவுக்கு 78.

காலியான டார்கெட் வாரிசுரிமைபோல யாருக்கும் தானாக வருவதில்லை. காலி இடம் இருக்கிறது என்பது பாதிச் செய்தி. அந்த இடத்தில் பையனை நிறுத்துகிறார்களா என்பது மீதிப் பாதி.

குவார்ட்டர்பேக் எவ்வளவு முக்கியம்?

மிக முக்கியம், குறிப்பாக இரண்டாம் மூன்றாம் ஆண்டு ரிசீவர்களுக்கு. ஹூஸ்டன் டெக்ஸன்ஸின் நிக்கோ காலின்ஸ் 2021-இல் 446 யார்டு, 2022-இல் 481 யார்டு. பலர் அவரை மறந்தே போனார்கள். 2023-இல் சி.ஜே. ஸ்ட்ரவுட் வந்தார், காலின்ஸ் 80 கேட்ச், 1,297 யார்டு, 8 டச்டவுன். அதே ஆள்தான். எறிந்த கை மாறியது.

அப்படியானால் ரூக்கியை விட இரண்டாம், மூன்றாம் ஆண்டு வீரர் மேலா?

கடைசிச் சுற்றைப் பொறுத்தவரை எனக்கு அப்படித்தான் படுகிறது. ரூக்கி மேல் எல்லார் கண்ணும் இருக்கும். என்எஃப்எல் டிராஃப்டின் முதல் சுற்று ரூக்கி நம் 12-ஆம் சுற்று வரை உங்களுக்காகக் காத்திருக்கமாட்டார். ஒரு வருடம் ஏமாற்றியவர் மேல் யாருக்கும் ஆசை இல்லை, விலை சரிந்து கிடக்கும். ஜாக்சன் ஸ்மித்-இன்ஜிக்பா 2023-இல் சியாட்டிலுக்கு 20-ஆவது தேர்வு. மணிக்கட்டு எலும்பு முறிவோடு பருவத்தைத் தொடங்கி, மெட்காஃபுக்கும் டைலர் லாக்கெட்டுக்கும் பின்னால் நின்று 628 யார்டு. அடுத்த ஆண்டு 100 கேட்ச், 1,130 யார்டு. முதல் ஆண்டு எண் ஏன் சிறுத்தது என்று கேட்டுப் பாருங்கள். காயம், மூத்தவர்களின் நெரிசல், மோசமான குவார்ட்டர்பேக் என்று வெளிக்காரணம் இருந்தால் எடுக்கலாம். எல்லா வாய்ப்பும் கொடுத்தும் பந்து வரவில்லை என்றால் விட்டுவிடலாம்.

ஸ்னாப், ரூட், டார்கெட்: இவற்றில் எது முக்கியம்?

ரூட். இதைப் புரிந்துகொண்டால் இந்தப் பக்கத்தில் பாதி புரிந்துவிடும்.

ஸ்னாப் என்றால் ஒரு ஆட்டத்துக்குள் அவர் களத்தில் இருந்த முயற்சிகள். ஆனால் பந்தோடு ஓடும் முயற்சியில் எதிராளியைத் தடுக்க நின்றாலும் அது ஸ்னாப்தான். நமக்கு அதனால் புள்ளி இல்லை. ரூட் என்றால் குவார்ட்டர்பேக் எறியப் போகும்போது பந்தை வாங்குவதற்காக ஓடிய ஓட்டம். டார்கெட் என்றால் அந்த ஓட்டத்தில் பந்து அவரை நோக்கி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். அணி 35 முறை எறிய முயன்றது. ‘அ’ என்ற பையன் 30 ரூட் ஓடினார், 4 டார்கெட், 2 கேட்ச், 19 யார்டு. ‘ஆ’ என்ற பையன் 9 ரூட் ஓடினார், 2 டார்கெட், 1 கேட்ச், 58 யார்டு டச்டவுன். புள்ளி அட்டையில் ‘அ’வுக்கு 3.9, ‘ஆ’வுக்கு 12.8. திங்கட்கிழமை காலை எல்லாரும் ‘ஆ’வைத் தேடி ஓடுவார்கள். நான் ‘அ’வை எடுப்பேன். 35-இல் 30 ரூட் என்றால் அணி அவரைக் களத்திலிருந்து எடுக்கவே இல்லை என்று பொருள். அந்த 58 யார்டு அடுத்த வாரமும் வரும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் கிடையாது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். ரிசீவருக்கு அந்த முளை ரூட் எண்ணிக்கைதான்.

என் அளவுகோல் இது: எறியும் முயற்சிகளில் 80 சதவீதத்துக்கு மேல் ரூட் ஓடினால் முழுநேர ஆள். 50-க்கும் கீழே என்றால் யார் என்ன சொன்னாலும் பெஞ்சில்கூட வேண்டாம். ரூட் நிறைய இருக்கிறது என்றால் அடுத்து, ஓடிய ஒவ்வொரு ரூட்டுக்கும் சராசரியாக எத்தனை யார்டு எடுத்தார் என்று பாருங்கள். 2 யார்டை நெருங்கும் இளைஞர் நல்லவர். 1 யார்டை ஒட்டியே இருப்பவர் ஓடுகிறார், ஆனால் குவார்ட்டர்பேக் அவரைத் தேடவில்லை.

மூத்த ரிசீவர் காயமடைந்தால் வாய்ப்பு வரும் என்று ஒருவரைப் பிடித்து வைக்கலாமா?

ரன்னிங் பேக்குக்கு (பந்தை ஏந்தி ஓடுபவர்) அது சரியான உத்தி. ரிசீவருக்கு அவ்வளவாக இல்லை, ஒருவர் விழுந்தால் பந்து நான்கு பேருக்குப் பிரிந்து போகும். விதிவிலக்கு உண்டு. 2024-இல் டாம்பா பேயில் க்ரிஸ் காட்வின் அக்டோபரில் கணுக்கால் மூட்டு விலகி வெளியேறினார். ரூக்கி ஜேலன் மெக்மில்லன் கடைசி ஐந்து ஆட்டங்களில் 7 டச்டவுன் எடுத்தார். நக்கூவாவுக்கும் கதவு திறந்தது கூப்பர் கப் முதல் நான்கு ஆட்டங்களில் இல்லாததால்தான். ஆனால் கப் திரும்பிய முதல் ஆட்டத்திலேயே நக்கூவா 71 யார்டும் ஒரு டச்டவுனும் எடுத்தார். கதவைக் காயம் திறக்கலாம், உள்ளே தங்குவது திறமையால்.

எத்தனை பேரை எடுக்கலாம்?

பெஞ்சில் ஆறு இடம் என்றால் இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஒரே அணியிலிருந்து இருவர் வேண்டாம்.

எத்தனை வாரம் காத்திருப்பது? எப்போது விடுவது?

இதற்குத்தான் சுலபமான விடை இல்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. 2022 செப்டம்பர் 11, மினியாபொலிஸ். கிரீன் பே பேக்கர்ஸின் முதல் ஆட்டம், அவர்கள் கைக்குப் பந்து வந்த முதல் தடவை, முதல் எறிதல். ரூக்கி கிறிஸ்டியன் வாட்சன் பேட்ரிக் பீட்டர்சனைக் கடந்து பின்னால் போய்விட்டார், முன்னால் யாரும் இல்லை. ஆரன் ராட்ஜர்ஸ் எறிந்த பந்து வந்து கைகளில் பட்டு, நழுவிக் கீழே விழுந்தது. பிடித்திருந்தால் 75 யார்டு டச்டவுன். அன்றிரவே அவரை விட்டவர்கள் பலர். நவம்பரில் டல்லாஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று டச்டவுன், நான்கு ஆட்டங்களில் மொத்தம் எட்டு. அந்த முதல் பந்தை அணி முதல் எறிதலிலேயே அவருக்குத் திட்டமிட்டது என்பதுதான் அன்றைய செய்தி. அது நழுவியது அல்ல.

மறுபக்கம், இலவு காத்த கிளியாக நவம்பர் வரை ஒருவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் முடியாது. நான் நான்கு ஆட்டம் தருவேன். நான்கிலும் ரூட் பாதிக்குக் கீழே என்றால் விட்டுவிடுவேன். ரூட் ஏறிக்கொண்டே போகிறது, யார்டு மட்டும் வரவில்லை என்றால் இன்னும் நான்கு ஆட்டம். பை வாரம் (அணிக்கு ஆட்டம் இல்லாத வாரம்) வந்து பெஞ்ச் நெருக்கும்போதும் முதலில் விடவேண்டியவர் அந்த எட்டுப் புள்ளி அனுபவசாலிதான்.

இதை நான் கற்றுக்கொண்டது 2021-இல். டெட்ராய்ட் லயன்ஸின் அமோன்-ரா செயின்ட் ப்ரவுன், என்எஃப்எல் டிராஃப்டில் நான்காம் சுற்று, 112-ஆவது தேர்வு, என் பெஞ்சில் இருந்தார். அக்டோபர் தொடக்கத்தில் அடுத்தடுத்து 6, 7 கேட்ச் பிடித்தார். பிறகு எண்கள் சிறுத்தன. நவம்பரில் ஒரு வாரம் 18 யார்டு. அந்த வாரமே விட்டுவிட்டேன். டிசம்பர் 5, வைக்கிங்ஸுக்கு எதிரான ஆட்டம். லயன்ஸுக்கு அந்த ஆண்டு ஒரு வெற்றிகூட இல்லை. கடைசி முயற்சியில், கடிகாரம் பூஜ்யத்தைத் தொடும்போது ஜாரெட் காஃப் எறிந்த 11 யார்டு பந்தைக் கோட்டுக்குள் பிடித்தார் செயின்ட் ப்ரவுன். 29-27. அவருடைய முதல் டச்டவுன் அது. அந்த ஆட்டத்திலிருந்து கடைசி ஆறு ஆட்டங்களில் 51 கேட்ச், 560 யார்டு, 5 டச்டவுன். ஆட்டத்துக்கு 22 புள்ளிக்கு மேல். எங்கள் லீக்கின் அரையிறுதியில் அவர் எனக்கு எதிரணியில் ஆடினார். அவரை விட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு நான் பார்த்தது யார்டு என்ற ஒரே ஒரு கட்டத்தை மட்டும். பக்கத்திலேயே இருந்த ஸ்னாப் எண்ணிக்கையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.